மத்தியான வெயிலுக்கு மூடுவிழா

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்று பதினொன்றரை இருக்கும். பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை முழு இலங்கையிலும் கறண்ட் நின்றது. யார் செய்தது? குரங்கு. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்துவிட்டது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். இரண்டு கோடிக்கு மேற்பட்ட சனத்தின் மின்சாரம் ஒரு குரங்கின் கையில் இருந்திருக்கிறது. அனுமாருக்குப் பிறகு ஒரு வானரம் இந்தத் தீவை இவ்வளவு ஆட்டிவைத்தது அன்றுதான். முந்தியவர் நெருப்பாவது வைத்தார். கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

பிறகு மின்சார சபை மெல்ல மெல்லக் கதையை அவிழ்த்தது. ஞாயிற்றுக்கிழமை. கந்தோர் பூட்டு, தொழிற்சாலை பூட்டு. மின்சாரம் எடுக்க ஆளில்லை. வெயிலோ நன்றாக எறித்தது. கூரைக்குக் கூரை சோலர் மின்சாரம் வந்து குவிந்தது. ஒரு சின்ன ஆட்டத்தையும் தாங்கும் தெம்பு மின்கட்டமைப்புக்கு இருக்கவில்லை. குரங்கு வெறும் சாட்டு.

இரண்டு மாதம் போனது. சித்திரைப் புத்தாண்டு வந்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, பின்னேரம் மூன்று மணி மட்டும் உங்கள் கூரைச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டது. இது 2022 மார்ச் 31ஆம் திகதிக்கு 13 மணிநேர மின்வெட்டை அறிவித்த அதே சபை. அன்று கறண்ட் இல்லை, இருட்டில் இரு என்றார்கள். மூன்று வருடத்தில் கறண்ட் கூடிப்போச்சு, நிப்பாட்டு என்கிறார்கள். பானையில் பால் பொங்கி வழியும்போது அதை முற்றத்தில் ஊற்றிவிட்டு, இரவு பால்மாவுக்கு வரிசையில் நிற்கிற குடும்பத்தை எங்கேயாவது கண்டதுண்டா? கண்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் மாதாமாதம் பில் கட்டுகிறீர்கள்.

இப்படிப்பட்ட நாட்டில்தான் மின்சார வாகனம் சரிவருமா, சரிவராதா என்று பட்டிமன்றம் நடக்கிறது. தேத்தண்ணீர்க் கடையில் நடக்கிறது. கலியாண வீட்டுப் பந்தியில் நடக்கிறது. கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்தில், மதிய உணவோடு நடக்கிறது. கறண்டுக்கு எங்கே போவது? தூரம் ஓடுமா? பற்றரி செத்தால் என்ன செய்வது? கேள்விகள் எல்லாம் வாகனத்தை நோக்கியே போகின்றன. ஆட்சியில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. குற்றவாளிக் கூண்டில் கார் நிற்கிறது. நிற்கவேண்டியவர் பார்வையாளர் வரிசையில் இருந்து கைதட்டுகிறார்.

தூரத்தை முதலில் எடுப்போம். "கொழும்புக்குப் போகுமா?" யாழ்ப்பாணத்தில் முதற்கேள்வி இதுதான். ஏ9 வழியே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நியாயமான கேள்வி. ஆனால் வருசத்தில் எத்தனை தரம் சொந்தக் காரில் கொழும்புக்குப் போகிறீர்கள்? விசா அலுவல், கட்டுநாயக்காவில் இறங்குகிற ஆளை ஏற்றிவர, ஒரு கலியாணம். மிச்ச நாளெல்லாம் திருநெல்வேலிச் சந்தை, பெரியாஸ்பத்திரி, பிள்ளையின் ரியூசன், நல்லூர். யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறை இருபது கிலோமீற்றருக்குள். பருத்தித்துறை முப்பத்தைந்துக்குள். சாவகச்சேரி அதைவிடக் கிட்ட. ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. சுற்றிவரக் கடல். ஓடி ஓடிக் களைத்தாலும் குடாநாட்டை விட்டு வெளியே போக ஆனையிறவோ சங்குப்பிட்டிப் பாலமோதான் வழி. மின்சார வாகனத்துக்கென்று அளந்து செய்த நிலம் இலங்கையில் ஒன்று இருந்தால் அது இதுதான்.

2015ஐ ஒட்டி இந்தத் தீவில் நிஸான் லீஃப் கார்கள் வந்து இறங்கின. 24 கிலோவாற்று மணிப் பற்றரி. புதிதில் 130 கிலோமீற்றர் மட்டில் ஓடியது. பற்றரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. எங்கள் வெக்கையில் அது வாடியது. பற்றரி மானியில் பன்னிரண்டு கோடு தெரியவேண்டிய இடத்தில் ஆறோ ஏழோ கோட்டோடு இன்று அவை நிற்கின்றன. அந்தக் கிழட்டுக் கார்கூட காங்கேசன்துறைக்குப் போய்த் திரும்பி வரும். அரைச் சீவனோடு அது செய்கிற வேலையை முழுச் சம்பளத்தோடு செய்யாத திணைக்களங்கள் எத்தனை?

இனி, கறண்டுக்கு எங்கே போவது என்ற கேள்வி. எங்கேயும் போகவேண்டாம். மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஏதாவது ஓர் அரச கந்தோர் வளவுக்குள் போய்ப் பாருங்கோ. தகரக் கொட்டிலின் கீழ் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். சீற்றில் கை வைத்தால் சுடும். தகரத்துக்கு மேலே வெயில் கொதிக்கும். அந்தத் தகரத்தின் மேல் ஒரு பனல் இல்லை. கீழே தூணில் ஒரு பிளக் இல்லை. காலை எட்டரை முதல் பின்னேரம் நாலேகால் வரை அந்த வண்டிகள் சும்மா நிற்கின்றன. அதே நேரத்தில்தான் வெயிலை என்ன செய்வதென்று தெரியாமல் மின்சார சபை கையைப் பிசைகிறது.

இப்போது பின்னேரம் ஆறரைக்கு வாருங்கோ. ஒரு வீடு. மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிற ரீச்சர் ஒருவர் சார்ஜரை எடுத்துக் குசினிப் பிளக்கில் சொருகுகிறார். பக்கத்துப் பிளக்கில் ரைஸ் குக்கர். உள்ளே ரீவி. மேலே ஃபான். கிணற்றடியில் மோட்டர். ஆறரையிலிருந்து பத்தரை வரை நாடு முழுவதும் இதே கூத்து. அதற்குப் பெயர் உச்சநேரம். அந்த நேரத்தில் மழை பொய்த்து நீர்த்தேக்கம் இறங்கியிருந்தால் டீசலையும் உலை எண்ணெயையும் எரித்துத்தான் கறண்ட் வரும். அதாவது பெற்றோல் வேண்டாமென்று ரீச்சர் வாங்கிய ஸ்கூட்டர் டீசலில் ஓடுகிறது. டீசல் எரிவது வேறோர் ஊரில் என்பது மட்டுந்தான் வித்தியாசம்.

ரீச்சரில் பிழையா? சாதாரண வீட்டு மீற்றருக்கு நேரம் தெரியாது. மத்தியானத்து அலகும் ஒரே விலை, இரவு அலகும் ஒரே விலை. நேரம் பார்த்து விலைபோடுகிற மீற்றர் வேண்டுமென்றால் அதைத் தேடிப்போய் விண்ணப்பிக்க வேண்டும். பகலில் பள்ளிக்கூடத்தில் செருகலாமென்றால் அங்கே பிளக் இல்லை. பகலில் வாங்க ஆளில்லாத சாமானை மலிவாக விற்பதென்பது கொடிகாமம் சந்தையில் தேங்காய் விற்கிற ஆச்சிக்குத் தெரியும். மின்சார சபைக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது கூரைச் சோலர்காரனுக்குக் கொடுக்கிற விலையைக் குறைப்பது, பிறகு நிப்பாட்டச் சொல்வது. கட்டணத்தின் கதையைக் கேட்கவே வேண்டாம். 2022 ஓகஸ்டில் 75 வீதம் ஏற்றம். 2023 பெப்ரவரியில் 66 வீதம் ஏற்றம். 2025 ஜனவரியில் 20 வீதம் இறக்கம். அதே வருடம் ஜூனில் 15 வீதம் ஏற்றம். இதை நம்பி ஒரு மனிதன் வண்டி வாங்கிச் செலவுக்கணக்குப் போட வேண்டுமாம்.

"எதற்கு இந்த வம்பு? பெற்றோல் இருக்கத்தானே?" என்று கேட்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். மறதி பெரிய வரம். எங்கள் அரசியல்வாதிகள் அதை நம்பித்தான் உயிர் வாழ்கிறார்கள்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, கறண்ட் இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டுப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டோம். இரண்டு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். ஊரெல்லாம் புகை, நெஞ்செல்லாம் சளி. ஆனாலும் ஓடியது. எந்த அமைச்சும் பயிற்சிப் பட்டறை வைக்கவில்லை. அந்தச் சனத்திடம் வந்துதான் இன்று ஒருவர், மின்சார வாகனத்தில் தொழில்நுட்பச் சவால்கள் உண்டு என்று விளக்குகிறார்.

2022இல் இரண்டாம் பாடம். பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் இல்லை. கியூ.ஆர். அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. ஐந்து லீற்றரில் ஒரு குடும்பம் கிழமை முழுக்க உழைத்துச் சாப்பிட வேண்டும். மீனவருக்கும் தோட்டக்காரருக்கும் இருந்த ஒரே ஆறுதல் மண்ணெண்ணெய். அந்த ஓகஸ்டில் அதை 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரே இரவில் ஏற்றினார்கள். குருநகரிலும் மயிலிட்டியிலும் வள்ளங்கள் கரையில் கிடந்தன.

மூன்றாவது பாடம் சுன்னாகத்தில். அங்கே எண்ணெய் எரித்து மின்சாரம் செய்தார்கள். கறண்ட் கம்பியால் போனது. கழிவெண்ணெய் நிலத்துக்குள் போனது. சுண்ணாம்புக்கல் நிலம். கீழே போனது ஊர் முழுக்கப் போகும். கிணற்றில் வாளியை விட்டால் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. சனம் பவுசருக்காகக் குடத்தோடு நின்றது. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம், அங்கே மின்நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. ஆறு இல்லாத ஊருக்குக் கிணறுதான் எல்லாம். அந்தக் கிணறுகளுக்குச் சேர்த்து 2 கோடி. கொழும்பில் ஒரு சொகுசு ஜீப்புக்கும் அது போதாது. மின்சார வாகனத்தின் சுற்றாடல் பாதிப்புப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வருகிறவர்கள் முதலில் சுன்னாகத்தில் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும்.

சரி, எண்ணெயை விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறலாமே என்றால், அங்கேயும் எங்களை விடமாட்டார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. மூன்று தீவிலும் டீசல் ஜெனரேற்றர். காற்றும் சூரியனும் பற்றரியும் சேர்ந்த ஒரு திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அதை ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தது. இந்தியா முகம் சுளித்தது. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையால் வேலை நின்றதென்று அந்த வருடக் கடைசியில் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவின் 12 தீவுகளில் சோலர் அமைக்க ஒப்பந்தம் போட்டுவிட்டதென்றும் கூடவே சொல்லி வெறுப்பேற்றியது. 2022 மார்ச்சில் இந்தியா கொடையாகத் தருகிறேன் என்றது. ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கையெழுத்தானது. மொத்தம் 2,230 கிலோவாற்று. இரண்டு வல்லரசுகள், மூன்று வருடம், 2,230 கிலோவாற்று. நெடுந்தீவுக் குதிரை காற்றாலைக்குக் கீழே நின்றால் இந்தியாவின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று எந்தக் கிழவிக்குத் தெரிந்திருக்கும்?

இனி வரி. இந்தப் பட்டிமன்றத்தின் உண்மையான நடுவர் அதுதான். லீஃப் வந்த 2015இல் மின்சாரக் காருக்கு வரி குறைவு. சனம் நம்பி வாங்கியது. அந்த நவம்பரிலேயே வரவு செலவுத் திட்டத்தில் வரியை ஏற்றினார்கள். 2017 நவம்பரில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர மறுபடி இறக்கினார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. டொலர் இல்லாத காலத்தில், வெளிநாட்டில் உழைத்துச் சட்டப்படி காசு அனுப்புகிறவர்கள் மின்சார வாகனம் இறக்கலாம் என்று கதவை ஓர் அங்குலம் திறந்தார்கள். பாலைவனத்தில் வியர்த்தவனின் பெயரில் யார் யார் கார் ஏறினார்கள் என்ற கேள்வி பாராளுமன்றக் குழு வரை போனது. 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்தது. இப்போது மோட்டாரின் கிலோவாற்றுக்கு ஒரு வரி, அதற்கு மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி, பெறுமதி எல்லையைத் தாண்டினால் சொகுசு வரி.

கிலோவாற்றுக்கு வரி என்றதும் அடுத்த கூத்து தொடங்கியது. பி.வை.டி. மின்சாரக் கார்கள் கொழும்புத் துறைமுகத்தில் நூற்றுக்கணக்கில் நின்றன. மோட்டார் 100 கிலோவாற்று என்றது பத்திரம். இல்லை, 150 ஆக இருக்கலாம் என்றது சுங்கத் திணைக்களம். காசு கட்டியவன் வீட்டில் காத்திருந்தான். கார் வெயிலில் காய்ந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறி, வங்கி உத்தரவாதத்தின் பேரில் கார்கள் வெளியே வந்தன. ஒரு காரின் மோட்டார் எவ்வளவு பெரிதென்று தெரிந்துகொள்ள ஓர் அரசாங்கத்துக்கு நீதிபதி தேவைப்பட்டிருக்கிறது. காரைத் திறந்து பார்க்கலாம் என்று யாருக்கும் முதலில் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். அதற்கும் குழு அமைத்திருப்பார்கள்.

மங்கள சமரவீர அந்த 2017 உரையில் இன்னொன்றும் சொன்னார். 2040இல் இலங்கையில் ஓடும் வாகனம் ஒன்றும் எண்ணெயில் ஓடாது. அரச வாகனங்கள் அதற்கு முன்பே, 2025இல், மின்சாரத்துக்கோ ஹைபிரிட்டுக்கோ மாறிவிடும். 2025 வந்தது. அவர் இல்லை. வாக்குறுதியும் இல்லை. வந்தது என்ன? 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டபுள் கெப் வாங்கப் பணம் ஒதுக்கியது. டபுள் கெப்! கட்சி மாறும், நிறம் மாறும், சின்னம் மாறும். டபுள் கெப் மாறாது. வீட்டுக்காரன் மத்தியானச் சோலரை நிறுத்தவேண்டும். அதிகாரி டீசலில் வந்து பசுமைப் பொருளாதாரம் பற்றிப் பேசுவார். எஞ்சினை நிறுத்தாமல், ஏ.சி. போட்டபடி, சாரதியை உள்ளே இருத்திவிட்டுப் பேசுவார்.

எங்கள் பக்கமும் உத்தமர்கள் இல்லை. வடக்கு மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. இருந்த ஐந்து வருடத்திலாவது சோலரில் ஓடும் ஒரு பஸ் பற்றி யாராவது உருப்படியாகப் பேசினார்களா என்று நினைத்துப் பாருங்கோ. தீர்மானங்கள் நிறைவேற்றினோம். கடிதங்கள் எழுதினோம். சர்வதேசம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றோம். சர்வதேசம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் மினிபஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதை.

நோர்வே எங்களுக்குச் சமாதானம் பேச வந்த நாடு. சமாதானம் சரிவரவில்லை. வேறொன்று அங்கே சரிவந்திருக்கிறது. 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மட்டில் முழு மின்சாரக் கார். அங்கே சூரியன் பாதி வருசம் லீவில் நிற்கும். குளிர் பற்றரியைக் கடிக்கும். மலை மலையாக ஏற வேண்டும். எண்ணெய் விற்கிற நாடும்கூட. ஆனாலும் மாறினார்கள். காரணம் மாயமில்லை. எண்ணெய்க் காருக்கு வரியை ஏற்றி, மின்சாரக் காருக்கு வரியைத் தூக்கி, அந்தச் சொல்லைப் பல வருடம் மாற்றாமல் காப்பாற்றினார்கள். ஒஸ்லோவில் ரெஸ்லா ஓட்டுகிற எங்கள் பெடியன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திறங்கியதும் சொல்கிறான்: "இஞ்ச இதெல்லாம் சரிவராது மச்சான்." பூட்டிக்கிடக்கிற அவனுடைய வீட்டுக் கூரையில் சோலர் போட்டு, மின்சார சபைக்கு விற்று, அந்தக் காசை இங்கேயே வங்கியில் போட்டிருக்கிறான். வெயில் சரிவரும், காசு சரிவரும், ஊர் மட்டும் சரிவராது.

மின்சார வாகனத்தில் குறையில்லை என்று சொல்லவில்லை. விலை எட்டாது. பற்றரி போனால் மாற்ற வீட்டுப் பத்திரம் வேண்டும். செத்த பற்றரியைக் கொண்டுபோய்ப் போட ஒழுங்கான இடமில்லை. எங்கள் நிலமோ எதையும் கிணற்றுக்குக் கொடுத்துவிடும், சுன்னாகம் சாட்சி. திருத்தத் தெரிந்த பெடியள் குறைவு. ஆழக்கடலுக்குப் போகிற வள்ளத்துக்கு இன்று மின்சார மோட்டார் விடை இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் இவை எல்லாம் ஓர் அரசாங்கம் தீர்க்கவேண்டிய குறைகள். வாகனம் தன்னுடைய பற்றரித் தொழிற்சாலையைத் தானே கட்டிக்கொண்டு வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணக்காரன் கார் மாற்றுவது எங்கள் விவாதமே அல்ல. யாழ்ப்பாணத்தில் ஓடுவது மோட்டார் சைக்கிள், ஓட்டோ, பஸ். மாறவேண்டியவை அவை. ஓட்டோக்காரர் ஒரு நாளில் ஓடுகிற தூரம் தெரியும், நிற்கிற இடம் தெரியும், மத்தியானம் ஓட்டமில்லாமல் வேம்பின் கீழ்ப் படுக்கிற நேரமும் தெரியும். அந்த வேம்படியில் ஒரு பிளக். மினிபஸ் நிலையத்தில் ஒரு கூரை, கூரையில் பனல். பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் வண்டிக் கொட்டிலுக்கு மேலே பனல். மத்தியானம் பதினொன்றிலிருந்து மூன்று வரை செருகுகிறவனுக்கு அரை விலைக் கறண்ட். ஓட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் வரிச் சலுகை. ஒருமுறை சொன்னால் பத்து வருடத்துக்கு மாறாத சலுகை. செத்த பற்றரியைத் திருப்பி எடுக்காத கம்பனிக்கு இறக்குமதி அனுமதி இல்லை. இதில் எதற்கும் சந்திரனுக்குப் போகவேண்டியதில்லை. சீனாவையும் இந்தியாவையும் சண்டைக்கு இழுக்கவும் வேண்டியதில்லை. ஒரு டபுள் கெப்பின் விலைக்குள் எத்தனை வேம்படியில் பிளக் போடலாம் என்று ஒரு கணக்காளர் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

பார்க்கமாட்டார்கள். பெற்றோல் ஒவ்வொரு லீற்றரிலும் அரசுக்கு வரி வருகிறது. வெயிலில் வரி வருவதில்லை. இதுதான் முழு விவாதத்தின் சாரம். மிச்சமெல்லாம் பேச்சாளரின் பந்தா.

ஆகவே தீர்ப்பு இது. மின்சார வாகனம் யாழ்ப்பாணத்துக்குச் சரிவரும். நிலம் சரி, தூரம் சரி, வெயில் தாராளம், எந்த எஞ்சினையும் எதிலும் ஓட்டிக்காட்டிய சனம் தயார். சரிவராதது அதை ஆளுகிற முறை. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு உங்கள் படலையைத் தட்டுகிறவரிடம் தேசியம், அபிவிருத்தி எல்லாம் பிறகு கேளுங்கோ. முதலில் இதைக் கேளுங்கோ: "மத்தியானக் கறண்டை என்ன செய்யப்போகிறீர்கள்?" பதில் இல்லாதவருக்கு வாக்கு இல்லை. அவர் எந்த வாகனத்தில் வந்து இறங்கினார் என்பதையும் ஒருக்கால் எட்டிப் பார்த்து வையுங்கோ.